முகர்ந்து பார்ப்பவள்

நல்லம்பள்ளியில் அந்த ஓட்டு வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது நல்ல வெயில் நேரத்தில். ஆனாலும் சமையலறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. நீளமான அறை. ஒரே சன்னல். வஹிதாவின் கணவன் அப்துல் சுபானின் பை தைக்கும் கடை தர்மபுரியில் இருந்தது. வாடகை குறைவு என்பதால் இவ்வளவு தள்ளி வந்திருந்தார்கள்.

வஹிதா உள்ளே போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. முன்பு ஒரு காய்ச்சல் வந்துபோனதிலிருந்து அவளுக்கு எந்த வாசமும் தெரிவதில்லை. மல்லிகையும் சாக்கடையும் ஒன்றுதான். அதோடு வாழ்ந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள், கெட்டுப்போன கோழிக்குழம்பைத் தெரியாமல் மகள் சானியாவுக்கு ஊட்டிவிடும்வரை. ஆறு வயதுக் குழந்தை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறக் கிடந்தது.

அதிலிருந்து சோற்றைப் பிசைந்து நூல் விடுகிறதா என்று பார்ப்பாள். பாலை முதலில் தானே குடித்துவிட்டுக் காத்திருப்பாள். கணவன் இருந்தால் பாத்திரத்தை அவன் மூக்கருகே நீட்டுவாள்.

"கல்யாணத்தப்ப இந்த வேலைய யாரும் சொல்லலையே" என்பான் அவன்.

ஒரு காலை, முந்தின நாள் பருப்பின் மூடியைத் திறந்தாள். அவள் தோளுக்குப் பக்கத்தில் யாரோ முகர்ந்தார்கள்.

இரண்டு சின்ன இழுப்பு.

பிறகு நீளமாக, சலிப்போடு வெளியே விட்ட ஒரு மூச்சு.

திரும்பினாள். சுவர். சன்னல் வெளிச்சத்தில் தூசி. பருப்பைக் கரண்டியால் கிளறியபோது அடியிலிருந்து நுரை எழும்பியது.

அன்று மாலை பாலைத் திறந்தபோதும் இரண்டு இழுப்பு கேட்டது. பெருமூச்சு வரவில்லை. பால் நன்றாக இருந்தது.

வஹிதா யாரிடமும் சொல்லவில்லை. பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளிடம் ஏற்கெனவே இருந்தது. மூடியைத் திறப்பாள், அசையாமல் நிற்பாள், கேட்பாள். அது ஒருமுறையும் தவறவில்லை.

பக்ரீத் அன்று பல வீடுகளிலிருந்து குர்பானிக் கறி வந்தது. காலையிலிருந்து மின்சாரம் இல்லை. ஒவ்வொரு பையாகப் பிரித்துக் காத்திருந்தாள். ஒன்றின்மேல் பெருமூச்சு விழுந்தது. அதைக் கொல்லையில் புதைத்தாள்.

"நல்ல தொடக்கறி. உனக்கு என்ன பைத்தியமா?" என்றான் சுபான்.

அதே ஆட்டுக் கறியைத் தின்ற பக்கத்துத் தெருக் குடும்பம் மறுநாள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனது.

வீட்டுக்கார ராணியம்மாள் வாடகைக்கு வந்தபோது வஹிதா மெல்லக் கேட்டாள். "அக்கா, இந்த வூட்ல முன்ன யாருங்க இருந்தாங்க?"

ராணியம்மாள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"என் நாத்தனா, முனியம்மா. இந்தச் சுத்துப்பட்டுல எந்தக் கல்யாணமா இருந்தாலும் பந்தி போடறதுக்கு முன்ன அவளத்தான் கூப்புடுவாங்க. அண்டா மூடியத் தொறந்து மோந்து பாத்துட்டுச் சொல்லுவா. அவ வேணாம்னா கொட்டிருவாங்க."

"அப்புறம்?"

"ஒரு நாள் புருசன் சட்டைய மோந்து பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டா. அவரு அப்ப நல்லாத்தான் இருந்தாரு, கண்ணு. அந்த வாரமே போயிட்டாரு."

வஹிதா வாடகைப் பணத்தை எண்ணி நீட்டினாள்.

அடுத்த வாரம் ஒரு மதியம். சமைத்து முடித்துப் பாத்திரங்களை எல்லாம் மேடைமேல் மூடி வைத்திருந்தாள். சானியா சமையலறைத் தரையில், பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு சின்ன இழுப்பு.

தரையிலிருந்து வந்தது.

வஹிதா கரண்டியை வைத்தாள். "வேணாம்" என்றாள், குரலே எழாமல். "அது சாப்பாடு இல்ல. என் புள்ள."

பெருமூச்சு வந்தது. நீளமாக. குழந்தையின் நெற்றி மயிர் அசைந்தது.

தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். அங்கேயும் அது முகர்ந்தது. அங்கேயும் பெருமூச்சு விட்டது. சானியா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அம்மி, பசிக்குது" என்றாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "குழந்த நல்லா இருக்கும்மா. நீங்கதான் தூங்குறதில்ல போல." எல்லாவற்றையும் அவளிடமிருந்து கேட்ட சுபானுக்கும் வேறு வழி தெரியவில்லை. கடையைப் பூட்டிவிட்டு இருவரையும் அரூரில் இருக்கும் தன் அக்கா ஜாஸ்மின் வீட்டுக்குக் கூட்டிப்போனான். பேருந்தில் வழிநெடுக வஹிதா மகளை மடியில் இறுக்கிக்கொண்டு காது கொடுத்தபடியே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அரூர் வந்தபோது அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

ஜாஸ்மின் எல்லோரையும் உட்காரவைத்துச் சோறு போட்டாள். வெளிச்சமான வீடு. கதவுகள் திறந்திருந்தன. மூடாத சட்டியில் கறிக்குழம்பு, தட்டில் வெட்டிய மாம்பழம்.

"சாப்புடு வஹிதா. இப்பதான் எறக்குனேன்" என்றாள் ஜாஸ்மின். பிறகு, "இந்த மாம்பழ சீசன்ல ஒரே ஈ. எங்க தொறந்து வெச்சாலும் மொய்க்குது" என்று விசிறியை எடுத்தாள்.

எடுத்தவள் நின்றாள்.

குழம்பில் ஒரு ஈயும் இல்லை. மாம்பழத்திலும் இல்லை.

எல்லாம் சானியாவின் மேல் இருந்தன. கையில், கழுத்தில், உதட்டோரத்தில்.

"கூச்சமா இருக்கு அத்தை" என்று சிரித்துக்கொண்டே அவள் கையை உதறினாள்.

ஒன்றுகூட எழும்பவில்லை.