ஐஸ் பெட்டியின் சுருதி

"என் புருசன் செத்த அன்னிக்கி நான் அழுதத வெச்சி நேத்து ஊரே ஆடுச்சிடா. நானும் நின்னுகினு கையத் தட்டினேன், தெரியாம."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னாலிருக்கும் தெருவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அது. ஒரு வீட்டிலும் மிக்சி ஓடவில்லை. கறிக்குழம்பைவிடப் பக்கத்து வீட்டுச் சண்டை ருசி என்று எல்லாரும் அடுப்பைக் குறைத்து வைத்திருந்தார்கள்.

"ஒன் குரலுன்னு யாருக்குக்கா தெரியும்? சுருதிய ஏத்தி, வேகத்த ஏத்தி, ஸ்கூல் பொண்ணு பாடற மாரி பண்ணி வெச்சிக்கீறேன்" என்றான் தம்பி லோகு.

"நடுவுல ஒரு விக்கல் வருதே, அது யாருது? அவர ஐஸ் பெட்டியிலேந்து எடுக்கறப்ப எனக்கு வந்த விக்கல்டா அது."

தெருவுக்கே விஷயம் தெரியும், தெரியாதது போல் கேட்டுக்கொண்டிருந்தது. வார நாளெல்லாம் லோகுவுக்கு இரும்புக் கம்பெனியில் நைட் ஷிப்ட். திருவிழா வந்தால் கச்சேரி. கச்சேரியில் அவன் கையில் சாம்ப்ளர். எந்தச் சத்தத்தையும் வெட்டியெடுத்து, பட்டனைத் தட்டினால் சுற்றிச் சுற்றி ஓடவிடுகிற பெட்டி. போன தையில் கிரேன் சங்கிலி அறுந்து அக்கா கல்பனாவின் புருஷன் குணா செத்தபோது, மேளச் சத்தத்தைப் பிடிக்கிறேன் என்று போனை ஜன்னலில் வைத்தான். மேளம் தேறவில்லை, அக்காவின் ஒப்பாரி தேறியது. அதில் நாலு வரியை வெட்டி லூப் ஆக்கினான். மீஞ்சூர் ஆடியது, வள்ளூர் ஆடியது. அந்தப் பேரைப் பார்த்துத்தான் இளமதி வீட்டில் பெண் கொடுக்கச் சம்மதித்தார்கள். நேற்று இந்தத் தெருவிலேயே கூழ் ஊற்றும் விழா. மாட்டிக்கொண்டான்.

"பொணம் இல்லாத ஊட்ல ஒப்பாரி வெக்கக்கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு? வெச்சா ஊடு பொணம் கேக்கும்டா."

"நான் ஹெட்போன்லதான கேக்கறேன். ஊட்டுக்கு இன்னா, காதா கீது?"

நாலு ஜன்னலில் சிரிப்பு கேட்டது. கல்பனா செருப்பை மாட்டினாள்.

"பக்கத்துத் தெரு ஞானம்மா ஊட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள அது அழிஞ்சிருக்கணும். இல்லன்னா, ஒன் கல்யாணத்துல அக்கான்னு எவளையாவது வாடகைக்குப் புட்சி நிக்க வெச்சிக்கோ."

"அழிக்கறேன் போ."

வாசல் கதவை அறைந்து தாழ்ப்பாள் போட்டான். அழிப்பதாவது? கைக்கு வந்த பேரையும் கட்டப்போகிற பெண்ணையும் ஒரு விக்கலுக்காக விடுவானா? ஏற்றினால்தானே கண்டுபிடிக்கிறாள், இறக்கிவிட்டால்? ஆம்பளைக் குரலாக்கிவிட்டால் அவளைப் பெற்றவளுக்கே தெரியாது.

பகலில் தூங்குவதற்காகத் தெர்மாகோல் அடைத்த ஜன்னல். ஆடிமாத வெக்கையும் இரும்புத் தூள் வாடையும் சேர்ந்து அந்த அறையில் ஒரு போர்வையைப் போலக் கிடக்க, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி லூப்பைத் தட்டியவன், முதல் சுற்றிலேயே முகம் சுளித்தான்.

அடியில் ஒரு உறுமல்.

அவனுக்கு அது தெரிந்த உறுமல்தான். குணாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் மோட்டார். அழுகைக்கு அடியில் அன்றைக்கு அது ஓடிக்கொண்டே இருந்தது. நாள்கணக்கில் உட்கார்ந்து அதைச் சுரண்டி எடுத்திருந்தான். எடுத்தது திரும்பி வந்திருந்தது. திட்டிக்கொண்டே மறுபடி வடிகட்டினான். போகவில்லை.

"இருந்து தொல" என்று சுருதிக் குமிழைத் திருகினான். அக்காவின் குரல் தடித்தது. இன்னும் இறக்கினான். கரகரத்தது. வேகத்தையும் குறைத்தான். அழுகையோடு அவள் மாரில் அடித்துக்கொண்ட அடிகள் ஒன்றுக்கொன்று விலகி, யாரோ பாரம் தூக்கி நடந்து வருவதைப் போல ஆயின. இன்னும் ஒரு திருகு.

குணா பாடினான்.

ஹான்ஸ் புகையிலை போட்டுப் புண்ணான தொண்டை, வாக்கியத்தின் கடைசியில் இழுக்கிற இழுப்பு, எல்லாம் அவன்தான். லோகுவுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது. "செத்தும் பேஜாரு பண்றியா மாமா?"

அப்போதுதான் அது உறைத்தது. சுருதியை இறக்கினால் லூப்பில் இருக்கிற எல்லாமே சேர்ந்து இறங்கும். குரல் இறங்கியிருந்தது. அடி இறங்கியிருந்தது.

உறுமல் இறங்கவில்லை.

அது லூப்பில் இல்லை.

ஹெட்போனைக் கழற்றினான். உறுமல் இருந்தது. கூடத்திலிருந்து வந்தது.

ஸ்டாப் பட்டனை அழுத்தினான். சாம்ப்ளர் பட்டன்களின் விளக்குகள் அணைந்தன. கதவைத் திறந்தபோது காலில் சில்லென்று பட்டது. பன்னீர் வாடை. நசுங்கிய ரோஜா வாடை.

கூடத்தின் நடுவில் ஐஸ் பெட்டி.

டிவி பிளக்கை யாரோ பிடுங்கித் தரையில் ஒழுங்காக வைத்துவிட்டு, அந்த இடத்தில் பெட்டியின் ஒயரைச் சொருகியிருந்தார்கள். எவன் வேலை இது? எந்த நாய் கொண்டுவந்து வைத்தது? வாசலைப் பார்த்தான். அவன் போட்ட தாழ்ப்பாள், போட்டபடியே.

ஒயரை வெடுக்கென்று பிடுங்கினான்.

உறுமல் நிற்கவில்லை.

உள்ளே வெள்ளைத் துணி. தலையணை. ஆள் இல்லை. கண்ணாடியில் மட்டும் ஆவி. உள்பக்கம். படிந்தது. விலகியது. படிந்தது. லூப்புக்கு அவன் வைத்த வேகத்தில்.

முதுகுக்குப் பின்னால், அறையில், பாட்டு தொடங்கியது.

விக்கல் வந்தது.

மூடி திறந்தது.

தெரு ஒன்றையும் கேட்கவில்லை. அந்நேரம் எல்லார் வாயிலும் சோறு. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கல்பனா வந்து தட்ட, எதிர்வீட்டு வெங்கடேசன் கதவை உடைத்தான். கூடத்தில் பெட்டி கிட்டி எதுவும் கிடையாது. லோகு மட்டும் நடுவில் நேராக மல்லாந்திருந்தான். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. அந்த வெக்கையில், இமையில் பனி.

கல்பனா அழவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கூடப் பொறந்தவனுக்கு ஒரு சத்தம் வருதா பாரு, கல்லு" என்று தெரு பேசியது. காரியம் முடிந்த கையோடு அவள் பள்ளிப்பட்டுப் பக்கம் போய்விட்டாள்.

இளமதியை அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிற வள்ளூர் ரகுவுக்குக் கட்டிவைத்தார்கள். வரவேற்புக்கு அதே கச்சேரிக்காரர்கள். லோகுவின் சாம்ப்ளர் இப்போது அந்தோணி கையில். ஒரு பெண்குரல் லூப்பை வேகமாக விட்டான். நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். மாலையோடு நின்றிருந்த இளமதி சட்டென்று திரும்பினாள். எவ்வளவு ஏற்றினாலும், போனில் தன்னிடம் கோபித்துக்கொள்ளும்போது மூச்சு வாங்குகிற அந்த விதம் அவளுக்குத் தெரியாதா? அழுதுகொண்டிருந்தது லோகு. அடியில் ஏதோ உறுமியது.

நிறுத்து என்று அந்தோணிக்குக் கையைக் காட்டினாள். அவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான். சாம்ப்ளரின் பட்டன்களில் ஒரு விளக்கும் எரியவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஆடியவர்களில் ஒருவர்கூட நிற்கவில்லை.