வீட்டுப்பேருக்குப் பின்னால்

சிபிச்சன் அடித்தது வீட்டுப்பேர் மட்டும்தான். திரையில் அதற்குப் பின்னால் ஓர் ஆள்பேரும் தானாக எழுந்து வந்தது.

கேரளத்தின் பாலா ஊரில், அடக்கச் சடங்கை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நேரலையில் காட்டுகிற ஸ்டூடியோ அது. தொடக்கத்தில் இறந்தவர் பெயர் அசைந்து எழ வேண்டும். அதற்கொரு நல்ல மென்பொருள் தேடி, மத்தியானத்திலிருந்து அவனும் முதலாளி தொம்மச்சனும் மூன்றைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். முதலாவது ஒரே கல்யாண ஜிகினா. இரண்டாவதில் எழுத்தெல்லாம் குரங்காட்டம் துள்ளியது. துக்க வீட்டுக்கு ஆகுமா அது? மூன்றாவதில்தான், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, அணைந்த மெழுகுவர்த்தியின் புகை மாதிரி எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கூடவே யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்.

உயிரோடு இருப்பவர் பேரைச் சோதனைக்குப் போட அங்கே எல்லோருக்கும் பயம். அதனால் வீட்டுப்பேரை மட்டும் அடிப்பார்கள். தொம்மச்சன் தன் வீட்டுப்பேரைச் சொல்ல, வந்து நின்றது 'கிழக்கேமுறி அவிராச்சன்'.

"எங்க அண்ணனை இந்தப் பொட்டிக்கும் தெரிஞ்சிருக்கு பாரேன்," என்று தொம்மச்சன் சிரித்தார்.

சிபிச்சனுக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும், இன்னொரு தரம் பார்ப்போமே என்று தன் வீட்டுப்பேரை அடித்தான். அப்போதுதான் தேவாலயத்தில் சாவு மணி விழத் தொடங்கியது. தொம்மச்சனின் போன் அடித்தது. கேட்டவர் குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கி ஓடினார். சற்றுப் பொறுத்து ஒரு செய்தி வந்தது: 'அண்ணன் போயிட்டான். அந்த மூணாவதையே எடுத்துக்கோடா.'

சிபிச்சன் திரையைப் பார்த்தான். 'புளிக்கத்தடம்' முழுசாக எழுந்திருந்தது. அதன் பக்கத்தில் புகை திரண்டது.

அ.

அழித்தான். திரும்ப வந்தது. மெயின் சுவிட்சையே இறக்கினான். விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. திரை மட்டும் அணையவில்லை. அறையெங்கும் உருகிய மெழுகின் வாசனை.

ன்.

வீட்டுக்குப் போன் போட்டான். மனைவி லிஸ்மி எடுத்தாள்.

"அன்னமோள் எங்க?"

"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருச்சு, தூங்குறா. ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"எழுப்பு."

"இப்பத்தான் கண்ணசந்தா, சேட்டா."

"எழுப்புடி!"

அவள் நடந்து போகிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். திரையில் ன. பிறகு மோ.

மணி நின்றுவிட்டிருந்தது.

"மோளே," என்றாள் லிஸ்மி. மறுபடியும், "மோளே." மூன்றாம் தரம் அது கூப்பிடுகிற குரலாக இல்லை.

கடைசி எழுத்து எழுந்தது. மூச்சு உள்ளே இழுபட்டது. வெளியே விடப்படவில்லை.

பெயருக்குக் கீழே, படம் வைக்கிற இடம் மெல்ல வெளுத்தது. வெள்ளை உடுப்பு. தலையில் பூமுடி. கூப்பிய சின்னக் கைகள். இதுவரை யாருமே எடுக்காத படம்.

தேவாலயத்தில் மணி மறுபடி விழத் தொடங்கியது.