முழு மீன் யாருக்கு?

ஒகேனக்கல்லில் ஒரு நாள் அடுப்பே இல்லாமல் மீன் வெந்தது. யுவராணியின் வயிற்றெரிச்சலில்தான் வெந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். ஒரு பக்கம்தான் வெந்தது. மறுபக்கத்தை அவள் அம்மா எண்ணெயில் போட்டு எடுத்தாள்.

அம்மா கோவிந்தம்மாளுக்கு மீன் வறுவல் கடை. அப்பா மாது பரிசல் ஓட்டுகிறார். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஊசி போட்டுக்கொள்கிறார்களோ, அவர்களுக்கு அன்று ஒரு முழு மீன். மற்றவர்களுக்குத் துண்டு.

அக்கா கலைமதிக்குப் பதினாலு வயது. பள்ளியில் அவளுக்குத் தடுப்பூசி போடப் போகிறார்கள். எட்டு வயது யுவராணிக்கு இல்லை.

புதுப் பை அக்காவுக்கு. ஜன்னல் ஓரம் அக்காவுக்கு. இப்போது ஊசியும் அக்காவுக்கா? யுவராணிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் தடவை போட்டது மட்டும் இறங்கியது.

ஊசி போடும் நாள் வந்தது. அக்காவின் பள்ளிக்கும் யுவராணியின் பள்ளிக்கும் ஒரே மைதானம். மதிய இடைவேளையில் யுவராணி வேடிக்கை பார்க்கப் போனாள். அக்கா வரிசையிலிருந்து நழுவிச் சத்துணவுக்கூடத்தின் பின்னால் ஓடுவதைப் பார்த்தாள்.

நர்ஸ் சுமித்ரா, "கலைமதி" என்று கூப்பிட்டார்.

யுவராணி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

"உனக்குப் பதினாலு வயசா?"

"ஆமாங்க. சோறு கம்மியாத் தின்பேங்க. அதான் வளரலை."

நர்ஸ் சிரிக்கவில்லை. ஊசியையும் எடுக்கவில்லை. இது எதற்கென்று தெரியுமா என்று கேட்டார். மீனுக்கு என்று சொல்ல வந்த யுவராணி வாயை மூடிக்கொண்டாள்.

நர்ஸ் சொன்னார். நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது. தேவைப்பட்டால் ஒரு செல் இரண்டாகும். போதும் என்றால் நின்றுவிடும். ஏதாவது ஒரு செல் கெட்டுப்போனால் நிற்க மறந்து பெருகிக்கொண்டே போய், பக்கத்துச் செல்களின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதுதான் புற்றுநோய். புகையிலை செல்லைக் கெடுக்கும். ஒரு வகை வைரஸும் கெடுக்கும். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் அந்த வைரஸால் வருவது. வைரஸ் வருவதற்கு முன்பே இந்த ஊசி போய்க் காவல் நிற்கும்.

"இதை நான் போட்டுக்கிட்டா, எங்கக்காவுக்குக் காவல்?" என்று யுவராணி மெதுவாகக் கேட்டாள்.

"இருக்காது. அவளுக்குன்னு வந்தது இது."

யுவராணி மீனை நினைத்தாள். அக்காவை நினைத்தாள். மறுபடி மீனை நினைத்தாள். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"நான் யுவராணிங்க. இருங்க, அவளைக் கூட்டியாறேன்."

சத்துணவுக்கூடத்தின் பின்னால் கலைமதி விறகுக் குவியலோடு விறகாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வலிக்கும்டி. நான் வரலை."

"எனக்கு எவ்வளோ பொறாமையா இருக்குது தெரியுமாக்கா? நான் கேட்டாலும் தர மாட்டேங்கறாங்க. உன்னையக் கூப்பிட்டுத் தர்றாங்க, நீ விறகுல ஒளியறே."

கலைமதி விறகை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வலிச்சா என் கையப் புடிச்சுக்க. எவ்வளோ வேணும்னாலும் அழுத்திக்க."

அப்படித்தான் நடந்தது. ஊசி இறங்கியபோது கலைமதி கத்தவில்லை. கையைக் கொடுத்த யுவராணிதான் கத்தினாள். அந்தச் சத்தத்தில் அருவி நின்றுவிட்டதாகப் பரிசல்காரர்கள் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை கொஞ்சம் மெதுவாகத்தான் விழுந்தது.

சாயங்காலம் கடையில் முழு மீன் பொரிந்தது. அம்மா இருவர் கையையும் பார்த்தாள். கலைமதி கையில் ஊசித் தடமே தெரியவில்லை. யுவராணி கையில் அக்காவின் நகங்கள் அத்தனையும் தெரிந்தன. நடந்ததைக் கலைமதியே சொன்னாள். அம்மா மீனை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி வைத்தாள். அக்காவின் பாதிதான் பெரிதென்று யுவராணிக்குத் தோன்றியது.

அப்பா எதிரில் உட்கார்ந்து இரண்டு தட்டையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் கன்னத்தில் புகையிலை உருண்டை புடைத்திருந்தது. தமக்கு ஒரு துண்டுகூட இல்லையா என்று அம்மாவைக் கேட்டார்.

"உங்க வாய்லதான் எடமில்லையேப்பா," என்றாள் யுவராணி. "அது செல்லைக் கெடுக்குமாம். நர்ஸம்மா சொன்னாங்க. துப்பிட்டு வந்தா என் பாதியில பாதி தர்றேன்."

அம்மா அதையே கடைச் சட்டமாக்கிவிட்டாள். அப்பா முறைத்தார். மறுநாளும் கன்னம் புடைத்திருந்தது. மீன் வரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. மகள்கள் முள்ளைச் சப்பும் சத்தம் அக்கரை வரை கேட்டது.

இப்போது அப்பாவின் கன்னம் புடைத்திருந்தால், உள்ளே இருப்பது மீன்தான். அவர் தட்டில் இருப்பது பெரிய துண்டா என்று யுவராணி தினமும் எட்டிப் பார்க்கிறாள்.