செக்கு மரத்தில் ஒரு தறி

ஐம்பத்தேழாம் வருஷம், ஆனி மாதத்து வெயில். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறிய சந்திரசேகர், கொள்ளிடம் பாலம் தாண்டியதும் இறங்கினார். கைதிகளுக்கு நெசவு சொல்லிக்கொடுக்க அரசாங்கம் அனுப்பிய வாத்தியார் அவர். ஆற்றங்கரை ஜெயிலின் கதவு திறந்து, அவர் பின்னால் மூடிக்கொண்டது.

தலைமை வார்டர் பிலோமின்ராஜ் சாவிக்கொத்தைக் குலுக்கியபடி முன்னால் நடந்தார். கடைசிக் கொட்டகையைத் திறந்ததும் சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. இருட்டுக்குக் கண் பழகச் சற்று நேரமாயிற்று. நடுவில் ஒரு பெரிய மரச்செக்கு. அதைச் சுற்றித் தரையில் வட்டமாகத் தேய்ந்த பள்ளம்.

"மாடு நடந்த தடமா?"

"மாடா? வெள்ளைக்காரன் காலத்துல கைதியைத்தான் சார் பூட்டுவாங்க. பாதிச் சுத்துல விழுந்து செத்தவனும் உண்டு. இப்ப நீங்க தறி, தாலாட்டுன்னு வந்துட்டீங்க!"

"செத்தவன் எங்கேய்யா திருந்துறது?"

"மறுபடி திருடலை இல்ல?" என்று சிரித்தார் பிலோமின்ராஜ்.

தறிக்கு மரம் கேட்டார் சந்திரசேகர். வரவில்லை. நடையாய் நடந்து மறுபடி கேட்டார். கைதிக்கு எதற்கு நல்ல மரம் என்று பதில் வந்தது. ஆத்திரத்தில் அந்தச் செக்கையே பிரிக்கச் சொன்னார். கைதிகளின் தோளை அழுத்திய நீளத்தடி, துணி சுற்றும் படைமரமாகவும் மிதிக்கட்டைகளாகவும் மாறியது. உரலைப் பிடுங்கிய குழியே, நெய்கிறவன் கால் தொங்கவிடும் குழியாயிற்று. தண்டித்த மரம் இனித் தொழில் கற்றுத் தரும் என்று அவருக்கு ஏகப் பெருமை.

தறியில் முதலில் உட்கார்ந்தவன் வையம்பட்டி வெள்ளைச்சாமி. வாய்க்கால் தகராறில் ஓங்கி ஓர் அடி, எதிராளி எழுந்திருக்கவில்லை. ஆனால் நெசவு அவன் விரல்களுக்கு உடனே படிந்தது. ஜெயிலைப் பார்வையிட வரும் கமிட்டி அவன் நெய்த துண்டைப் பார்த்துத் திருப்திப்பட்டால், முன்கூட்டியே விடுதலை செய்யச் சிபாரிசு கிடைக்கும். அவன் மனைவி பொன்னுத்தாய் வரும்போதெல்லாம் கம்பிக்கு வெளியே நின்று அதையே கேட்டுவிட்டுப் போனாள்.

துணியில் எண்ணெய்க் கறை விழுந்தது.

அறுத்தெறிந்துவிட்டுத் தறியில் புதுப் பாவு நூல் ஓட்டினார்கள். மறுபடியும் கறை. மரத்தைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். கறை இன்னும் பெரிதாயிற்று.

"சமையக்கட்டுல எண்ணெய் திருடித் தடவுறான் சார்," என்றார் பிலோமின்ராஜ். "இவனுக்கெல்லாம் தடிதான் பாஷை."

அவர் போனதும் வெள்ளைச்சாமி கிசுகிசுத்தான். "வாத்தியாரய்யா, நான் இல்லீங்க. நான் மிதிக்கிறதுக்கு முன்னாடியே கட்டை இறங்குது. குழிக்குள்ள வேற கால் இருக்குங்க."

சந்திரசேகருக்கு எரிச்சலாக வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபின், தாமே தறியில் உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டார்.

கட்டை தானாக இறங்கியது.

அவருடைய பாதங்களுக்கு அடியில் வெதுவெதுப்பாக, வழவழப்பாக, இன்னொரு ஜோடிப் பாதங்கள்.

படைமரம் கிறீச்சிட்டது. தறியின் ஓசையல்ல, செக்கின் ஓசை. காதருகே மூச்சிரைப்பு. தாகத்தில் வறண்ட ஒரு குரல்.

"இன்னும் எத்தனை சுத்துங்க?"

வேட்டி தடுக்க வெளியே ஓடி வந்தவர், நேராக சூப்பரின்டென்டென்ட் ஸ்ரீரங்கராஜன் அறையில் போய்த்தான் நின்றார்.

"அந்த மரத்தை எரிச்சிடுங்க சார். தப்பு என்னோடது. செத்தவங்க தோள்ல இருந்த தடி அது."

"ஆவி வந்து மிதிக்கிறதுன்னு மேலிடத்துக்கு எழுதட்டுமா ஓய்? அரசாங்கச் சொத்து அது. எரிக்கறதுக்கு விதி கிடையாது."

கமிட்டி வந்தது. வெள்ளைச்சாமி அறுத்துக் கொடுத்த துண்டு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கமிட்டித் தலைவர் அதை விரித்தார்.

விரித்த துணியில், எல்லோர் கண்ணெதிரிலும், எண்ணெய் வட்டமாக ஊறிப் பரவியது.

மடிப்புக்குள் தடவி வைத்த எண்ணெய் என்றே நினைத்து, தலைவர் துண்டை உதறிப் போட்டார். "இதைக் காட்டத்தான் கூப்பிட்டீங்களா? இவனையா வெளியே விடச் சொல்றீங்க?"

சந்திரசேகர் கத்திப் பார்த்தார். கேட்பாரில்லை. நெசவு வகுப்பை மூடினார்கள். எண்ணெய் திருடியதாக வெள்ளைச்சாமியைத் தனிக்கொட்டடியில் அடைத்தார்கள். வெளிக்கதவருகே காத்திருந்த பொன்னுத்தாயிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைகுனிந்து அவளைக் கடந்து போனார் சந்திரசேகர்.

வேறு ஊருக்கு மாற்றல் வந்த அன்று, வெள்ளைச்சாமியிடம் சொல்லிக்கொள்ளப் போனார். கொட்டடியை நெருங்கும்போதே சிக்கு வாடை அடித்தது.

"தறியைச் சும்மா போட்டு வைப்பானேன்னு பலகையா அறுத்துட்டோம் சார்," என்று சாவியைத் தேடினார் பிலோமின்ராஜ். "இவன் படுக்கிறதே அதுலதான்."

சந்திரசேகர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே வெள்ளைச்சாமி சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கியிருந்தான். அவன் பார்வை தரையைவிட்டு நகரவில்லை.

"வாத்தியாரய்யா," என்றான் மெதுவாக. "என் தண்டனை என்னிக்காவது முடிஞ்சிடும். இவரை எப்பங்க விடுவாங்க?"

சுவரோரம் வெள்ளைச்சாமி அசையவேயில்லை. அவனுக்கு முன்னால், கொட்டடி நடுவில், எண்ணெய்ப் பிசுபிசுப்போடு ஈரக் காலடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் பதிந்து, வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.