ஏரிக்குள் வந்த கடல்

"நான் கடல்ல குளிக்கப் போறேன்!" என்று பெங்களூர் ஜோகுபாளையத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் யுவன் கிளம்பினான். அங்கிருந்து பஸ்ஸில் வந்து, மங்களூர்ப் பக்கத்துக் கடற்கரைப் பூங்காவில் இறங்கியதும் அந்த ஆறு வயது வீரனுக்கு வாய் அடைத்துப்போனது.

அலை ஓரடி முன்னால் வந்தால் அவன் பத்தடி பின்னால் ஓடினான்.

"வாடா, நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார் அப்பா ரங்கநாதன். தூக்கியதும் யுவன் போட்ட கூச்சலில், சவுக்கு மர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா இறக்கிவிட்டார்.

"சாயங்காலம் பஸ். கால்கூட நனையாம ஊருக்குப் போகப் போறியா?"

யுவனுக்குக் கண் கலங்கியது. ஆசை இல்லாமல் இல்லை, பயம்தான் விடவில்லை. பத்து வயது அக்கா அனுஷாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அம்மா தமயந்தி சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பா தண்ணீருக்குப் பக்கத்திலேயே பாயை விரித்திருந்தார். ஊரில் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து பழகியவர். ஏரி இருந்த இடத்திலேயே இருக்கும்.

"இங்க மணல் பறக்கவே இல்ல பாரு!" என்று பெருமை வேறு.

இரண்டாவது வாய் புளியோதரையை எடுப்பதற்குள் ஓர் அலை வந்து, பாயோடு அவரையும் நனைத்துவிட்டுப் போனது. அம்மா டிபன் கேரியரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடினாள். யுவன் அவளுக்கும் முன்னால் ஓடி மரத்தடிக்குப் போய்விட்டான்.

அனுஷா மட்டும் மணலையே பார்த்தாள். ஈரக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் தம்பியிடம் போனாள்.

"எதுக்குடா பயம்?"

"அது துரத்துதுக்கா. ஏரி துரத்தாது."

"அப்ப நாம ஒரு ஏரி வெட்டலாம், வா."

காய்ந்த மணலில் இருவரும் பள்ளம் தோண்டினார்கள். அல்சூர் ஏரியில் இருப்பதுபோல நடுவில் ஒரு தீவும் வேண்டும் என்று யுவன் பிடிவாதம் பிடித்தான். அதையும் வைத்தார்கள்.

"தண்ணி?"

"கடல் கொண்டுவந்து ஊத்தும்."

யுவன் சட்டென்று எழுந்துவிட்டான். "இங்க வருமா?"

"வரும். ஆனா இவ்ளோ மேட்டுல ஏறி வர்றதுக்குள்ள அதுக்கே மூச்சு வாங்கும். பயமா இருந்தா நீ அம்மாகிட்ட போ, நான் பாத்துக்கறேன்."

தான் வெட்டிய ஏரியை விட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெகுநேரம் கழித்து ஓர் அலை வந்தது. அத்தனை தூரம் ஏறி வந்ததில் மெலிந்து, வெறும் நுரையாகப் பள்ளத்துக்குள் வழிந்தது. யுவன் ஒரு காலை உள்ளே வைத்தான். சிரித்தான். மறு காலையும் வைத்தான். அடுத்த அலை வந்தபோது ஏரிக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்தேவிட்டான்.

"யுவா, எந்திரி! பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அப்பா வந்து நின்றார்.

"என்னப்பா நீங்க! கடல் இவ்ளோ தூரம் என்னைப் பாக்க வந்திருக்கு. உடனே கிளம்பினா நல்லாவா இருக்கும்?"

அப்பா பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.