சைபரைப் போட்டுப் பாருங்க

"சைபரைப் போட்டுப் பாருங்க... உங்க விடை நிக்காது."

ஹேமலதா நிமிர்ந்தாள். உப்பளம் பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம். பக்கத்தில் தொப்பலாக நனைந்த ஒருவன், அவள் மடியிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இமையோரம் ஒரு மழைத்துளி... விழலாமா வேண்டாமா என்று நின்றது.

"உங்கள யாருங்க கேட்டது?"

எரிச்சல் சும்மா வரவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் மாதிரி வகுப்பு. பாடம், பின்னம் வரும் அசமன்பாடு. இருப்பதோ ஒரே ஒரு கணக்கு டீச்சர் வேலை. கிடைத்தால் ஒரு வருஷம் கல்யாணப் பேச்சே கிடையாது, கிடைக்காவிட்டால் தையில் கடலூர் மாமா மகனுக்குத்தான் என்று அப்பா தணிகாசலம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஆள் ஏற்றும் டெம்போ வந்ததும் விருட்டென்று ஏறிவிட்டாள். ஆனால் அரியாங்குப்பம் பாலம் தாண்டுவதற்குள் மனசு கேட்கவில்லை... நோட்டைப் பிரித்தாள்.

x/2 − 2x/3 < 5/6. ஆறால் பெருக்கிப் பின்னத்தை ஒழித்து, −x < 5 வரை சரிதான். அடுத்த வரியில் x < −5. கணக்கில் சைபரைப் போட்டால் சரியாக வருகிறது. விடையிலோ சைபருக்கு இடமில்லை. அடக் கடவுளே... மைனஸால் பெருக்கிவிட்டுக் குறியைத் திருப்பவே இல்லை. x > −5 அல்லவா வரவேண்டும்? நல்லவேளை, கரும்பலகையில் மானம் போகவில்லை.

மறுநாள் பள்ளி வராண்டாவில் காத்திருந்தவர்கள் இரண்டே பேர். அவளும்... அவனும். வெற்றிச்செல்வன் என்று பெயர் கூப்பிட்டார்கள். அவள் சட்டென்று நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"விடை சரின்னு பசங்க எப்படி நம்புவாங்க?" என்று வகுப்பில் கேட்டார் தலைமையாசிரியை நிர்மலாதேவி. ஹேமலதா சைபரைப் போட்டுக் காட்டினாள். வேலை அவளுக்கே கிடைத்தது.

பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். நல்லவேளை, அவன் இன்னும் போகவில்லை.

"நானும் அதே வேலைக்குன்னு நேத்தே தெரியுமா?"

"உங்க ஃபைல்ல இந்த ஸ்கூல் இன்டர்வியூ லெட்டர் தெரிஞ்சுதுங்க."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"பென்சிலக் கடிச்சிக்கினு முழிச்சீங்க... வாய் சும்மா இருக்கல."

"வேல போச்சேன்னு கஷ்டமா இல்ல?"

"இருந்துச்சி. ஆனா நீங்க குறியத் திருப்புனத ஜன்னல்ல பாத்தேன் பாருங்க... அப்பாடான்னு ஆயிடுச்சி."

அவள் கண் கலங்கிவிட்டது. இவனையா நேற்று அப்படிக் கடிந்துகொண்டோம்?

"மன்னிச்சிடுங்க... உங்களாலதான் வேல கெடச்சுது. இனி எங்க வீட்ல ஒரு வருஷம் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டாங்க."

"நான் வேற வேல தேடிக்க அந்த ஒரு வருஷம் போதுங்க." சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போனான். "தப்பா நெனைக்காதீங்க... எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. நீங்க கேக்காமயே சொல்லிட்டேன், நேத்து மாதிரியே."

டெம்போ வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

"இந்தத் தடவ நான் கேக்கறேன்," என்றாள் தரையைப் பார்த்தபடி. "வேல கெடச்சதும் எங்கப்பாவ வந்து பாப்பீங்களா?"