இரண்டு காதும் ஒரே நேரில்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வனத்துறைத் தடுப்புக் கம்பு உயர்ந்தது.

"சாயங்காலம் ஆறுக்குள்ள கீழ வந்துரணும்," என்றார் காவலர். "நாளையிலருந்து பாதையை நிரந்தரமா அடைக்கிறோம். அப்புறம் யார் வந்து கேட்டாலும் கிடையாது."

ஜீப் நகர்ந்தது. ஓட்டியவள் மரகதம். போடியில் சுற்றுலா ஜீப் ஓட்டுபவள். மலைப்பாதை அவளுக்குப் பழக்கம். ஆனால் ஜீப் அவளுடையது அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காசிராஜனுடையது. அவர் மெக்கானிக். பாறைகளில் அடிவயிறு தட்டாமலிருக்க, போன வாரம்தான் அதை நான்கு அங்குலம் உயர்த்தியிருந்தார். பின்னால் கடப்பாரையையும் மண்வெட்டியையும் காலால் அணைத்தபடி பிச்சைமுத்து. பஸ் கண்டக்டர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

மலை உச்சியில் ஒரு தேயிலை எஸ்டேட் இருந்தது. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் மூடிவிட்டார்கள். மூன்று பேரும் அங்கே பிறந்தவர்கள். எஸ்டேட் மூடிய வருடம்தான் இவர்கள் குடியிருந்த கீழ்டிவிசன் முதல் முறையாக மேல்டிவிசனைத் தோற்கடித்துக் கால்பந்துக் கோப்பையை வாங்கியது. மூன்றுக்கு இரண்டு. மூன்று கோலும் மரகதத்தின் அண்ணன் சவரி அடித்தது. கோப்பையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் மானேஜர். சவரி அதை எங்கோ ஒளித்துவிட்டான். ஒரே வாரத்தில் எல்லோரையும் கீழே இறக்கினார்கள். பாதையில் வனத்துறை தடுப்புக் கம்பு போட்டது; அனுமதி இல்லாமல் யாரும் ஏற முடியாது.

இறங்கிய பிறகு போடியில் ஒரு டீக்கடை வாசலில், பத்துப் பேர் முன்னால் காசி சொன்னார்: "கோப்பையை நீ பழைய இரும்புக்கு வித்துட்ட."

சவரி எழுந்து போனான். அதன்பிறகு இருவரும் பேசவில்லை.

இப்போது சவரியால் யாரோடும் பேச முடியாது. தொண்டையில் அறுவை சிகிச்சை. ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுகிறான். போன மாதம், கோப்பை இருக்கும் இடமென்று ஒரு தாளில் மலையை வரைந்து தங்கையிடம் கொடுத்தான். கீழே ஒரு வரி: 'ரெண்டு காதும் நேரா வர்ற இடம். காசிக்குத் தெரியும்.'

"எனக்கு என்ன தெரியும்?" என்று அப்போதே கேட்டார் காசி. ஆனாலும் வந்தார். "இல்லைன்னு ஆகட்டும். அதோட இந்தப் பேச்சு முடியட்டும்."

"காதுன்னா யானைப் பாறைதான்," என்றார் பிச்சைமுத்து. "பெரிய யானை, சின்ன யானைன்னு ரெண்டு பாறையில, பெரிய யானைக்குத்தான் ரெண்டு காதும் இருக்கு. அதுக்கு நேரா கீழ தோண்டுவோம்."

ஏழாவது வளைவில் ஸ்டீயரிங் மரகதத்தின் கையை உதறியது. முன்சக்கரங்கள் படபடவென்று ஆடின. ஜீப் இடப்பக்கம் இழுத்தது. இடப்பக்கம் பள்ளம். மரகதம் முழு உடம்பையும் வலப்பக்கம் சாய்த்து வண்டியை நிறுத்தினாள். ஒரு கல் உருண்டு போனது. அது விழுந்த சத்தம் வரவே இல்லை.

"காசிண்ணே," என்றாள். "இதை நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?"

"தெருவுல ஓட்டினேன்."

"தெருவுல பள்ளம் கிடையாதுல்ல," என்றார் பிச்சைமுத்து.

வண்டியை உயர்த்தினால் ஸ்டீயரிங் கம்பிகளின் சாய்வு மாறும். சக்கரங்களின் பார்வையும் மாறும். காசி இறங்கினார். இரண்டு முன் டயர்களின் நடுவிலும் சாக்பீஸால் கோடு போட்டார். நைலான் கயிற்றைப் பிடித்து முன்பக்க இடைவெளியை அளந்தார். பிறகு அதே உயரத்தில் பின்பக்க இடைவெளியை. முன்பக்கம் விரல் தடிமன் கூடுதலாக இருந்தது. சக்கரங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.

"மேல்டிவிசன் பேக் லைன் மாதிரி," என்றார் பிச்சைமுத்து. "ஆளுக்கு ஒரு பக்கம்."

"நீ மட்டும் என்ன. உன் பாஸ் பூரா அவனுக கோல்கீப்பருக்குத்தான போகும்," என்றார் காசி.

காசி படுத்துக்கொண்டு கம்பியின் பூட்டு நட்டுகளைத் தளர்த்தித் திருகினார். அளந்தார். மறுபடி திருகினார். முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு நெல் அளவு குறைந்ததும் நட்டுகளை இறுக்கினார். ஸ்டீயரிங் வளையத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்தார். ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

இப்போது ஜீப் சொன்ன பக்கம் போனது. பாறைகளின் மேல் ஏறி இறங்கியது. இரண்டு ஓடைகளைக் கடந்தார்கள். ஈர மண்ணின் வாசனை வந்தது. பழைய ஆரஞ்சு மரங்கள் தெரிந்தன. சின்ன வயதில் திருடிய மரங்கள். பிச்சைமுத்து தலையைத் திருப்பி, அவை மறையும்வரை பார்த்துக்கொண்டு வந்தார்.

புல்வெளி வந்தது. சமதளம். மரகதம் வேகத்தைக் கூட்டினாள். முள் முப்பதைத் தாண்டியதும் வண்டி அதிர்ந்தது. கடப்பாரை தானாகக் கிலுகிலுத்தது.

"நிறுத்து. சக்கரத்தை இன்னொரு தடவை அளக்கணும்," என்றார் காசி.

"சக்கரம் இல்லண்ணே. கை நடுங்கல. சீட்டுதான் நடுங்குது."

"நான் மெக்கானிக்கா, நீயா?"

"ஓட்டுறது நான்."

கை நடுங்கினால் முன்சக்கரம். சீட்டு நடுங்கினால் நடுத்தண்டு. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு. அது காசிக்கும் தெரியும். ஆனால் அந்தத் தண்டை அவரே குறி பார்த்து மாட்டியிருந்தார்.

"இப்படியே போனா?" என்றார் பிச்சைமுத்து.

"தண்டு முறிஞ்சு தரையில குத்தும். இறங்குறப்ப முறிஞ்சா வண்டி தலைகீழாப் போகும்," என்றார் காசி.

மணி பதினொன்றே முக்கால். திரும்பினால் இப்போதே திரும்ப வேண்டும். மெதுவாக உருட்டிக்கொண்டு கீழே போய்விடலாம். கோப்பை இல்லை என்றே இருந்துவிடும். சவரியிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மரகதம் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

காசி ஜீப்பின் அடியில் புகுந்தார்.

ஒன்றுக்குள் ஒன்று பல்லோடு பல்லாகச் செருகிய தண்டின் இரு துண்டுகளிலும் மஞ்சள் அம்புக்குறிகள். இரண்டும் எதிரெதிரே சரியாக நின்றன. அவர் அதைத்தான் நம்பினார். எஸ்டேட் ஒர்க்ஷாப்பில் கற்ற பழக்கம்: அம்பைப் பார், மாட்டு. ஆனால் வண்டியை உயர்த்தியபோது தண்டு நீளம் போதாமல், லேத் பட்டறையில் கொடுத்து நடுவில் ஒட்டு வைத்து வாங்கியிருந்தார். ஒட்டியபோது ஒரு முனை சற்றுத் திரும்பிவிட்டது. அம்பு பழையது. தண்டு பழையது அல்ல.

அவர் அம்பை விட்டுவிட்டு முனைகளைப் பார்த்தார். ஒவ்வொரு முனையிலும், கிராஸ் என்ற சிலுவை வடிவ இரும்பைப் பிடித்திருக்கும் கவை. அதன் இரு கைகளையும் மெக்கானிக்குகள் காது என்பார்கள். முன்முனைக் காது மேலே பார்த்தது. பின்முனைக் காது பக்கவாட்டில் சாய்ந்திருந்தது.

ஒர்க்ஷாப் பள்ளம் நினைவுக்கு வந்தது. கிரீஸ் நாற்றம். மேலே எஸ்டேட் லாரி. டார்ச் பிடித்துக்கொண்டு பதினெட்டு வயது சவரி. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி: "காசி, ரெண்டு காதும் நேரா?" ஒவ்வொரு முறையும் அதே பதில்: "நேரா."

அவர் அசையாமல் படுத்திருந்தார்.

"என்னண்ணே, மாட்டிக்கிட்டீங்களா?" என்று மரகதம் குனிந்தாள்.

"பதினாலு ஸ்பானர் எடு."

போல்ட்டுகளைக் கழற்றினார். தண்டை உருவி, இரண்டு பல் தள்ளித் திருப்பிச் செருகினார். காதுகள் நேராயின. இறுக்கிவிட்டு வெளியே வந்தார். முகமெல்லாம் மண்.

"பெரிய யானை இல்ல," என்றார். "ரெண்டு காதுன்னா ஒரே யானையோட காது இல்ல. இந்த முனைக் காதும் அந்த முனைக் காதும். பெரிய யானை, சின்ன யானை. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா நிக்குற இடம்."

முள் நாற்பதைத் தொட்டது. ஜீப் அதிரவில்லை. கடப்பாரை சும்மா கிடந்தது.

எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குக் கூரை இல்லை. வாசலுக்குள் மரம் நின்றது. காசி இறங்கிப் பழைய பாதையில் நடந்தார். வலப்பக்கம் அருகில் பெரிய யானைப் பாறை. வெகு தூரத்தில் சின்ன யானை. நடக்க நடக்க, தூரத்துக் காது மெல்ல நகர்ந்து அருகிலிருந்த காதை நெருங்கியது. தொட்டது. அதற்குப் பின்னால் பொருந்தியது. இரண்டும் ஒரே காதாயின.

காசி காலடியைப் பார்த்தார். இடிந்த சுவர். செடி மூடிய நீளப் பள்ளம். ஒர்க்ஷாப்.

பள்ளத்தில் இறங்கினார். தரைக் கற்களில் ஒன்று, அவர் எப்போதும் முதுகு வைத்துப் படுக்கும் இடத்தில், மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தது. கடப்பாரையால் நெம்பினார். கிரீஸ் டப்பா. உள்ளே சாக்குத்துணி. துணிக்குள் கோப்பை. கிரீஸ் தடவி வைத்திருந்ததால் துருப்பிடிக்கவில்லை.

பிச்சைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் பேக் பண்ணியிருக்கான்," என்றார்.

"என் இடத்துல வச்சிருக்கான்," என்றார் காசி.

ஐந்து ஐம்பதுக்குத் தடுப்புக் கம்பைத் தாண்டினார்கள். காவலர் கோப்பையைப் பார்த்தார். "இதுக்கா போனீங்க?"

"மூணுக்கு ரெண்டு," என்றார் பிச்சைமுத்து.

சவரி வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்தான். கழுத்தில் கட்டு. மரகதம் கோப்பையை அவன் மடியில் வைத்தாள். அவன் அதைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தான். பிறகு வாசலில் நின்ற காசியைப் பார்த்தான்.

சிலேட்டை எடுத்து எழுதினான்: 'காது?'

"நேரா," என்றார் காசி.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கையிலிருந்த கிரீஸைத் துடைக்கத் துணி தேடினார். கிடைக்கவில்லை.

"அன்னைக்கு டீக்கடையில, எங்க இருக்குன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சொல்லியிருப்பயாடா?"